சங்கிலி போயிற்று, நிலம் எங்கே?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் முடிவைத் தீர்மானித்த ஒரு படையெடுப்பைப் பற்றியதாகும். “அந்த யுத்தம் முடிந்து 150 வருஷத்திற்கு மேலாகிவிட்டதே, இப்போது அதைப் பற்றி என்ன பேச்சு?” என்று சிலர் கேட்கலாம். யுத்தம் முடிந்தது உண்மைதான். ஆனால் அடிமைக்கு விடுதலை என்றால் என்ன என்கின்ற கேள்வி அந்த யுத்தத்தோடு முடியவில்லை. ஆகவேதான் பேசுகிறோம்.

முதலில் சண்டை எதற்காக வந்தது என்பதைப் பார்ப்போம். 1860-ஆம் வருஷத்தில் அந்த நாட்டில் சுமார் 40 லட்சம் கறுப்பு மக்கள் அடிமைகளாயிருந்தார்கள். ஜார்ஜியா மாகாணத்தில் மாத்திரம் 4 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல். அந்த மாகாணத்துச் சவான்னா பட்டணத்தில் 1859 மார்ச்சு மாதம் இரண்டு நாள் நடந்த ஒரே ஏலத்தில் 400 பேருக்கு மேல் விற்கப்பட்டார்கள். நம் ஊர்ச் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் அங்கே மனிதனுக்குப் பார்த்தார்கள்.

இதற்கு வேத ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. நோவா தன் பேரனைச் சபித்தான், அந்தச் சாபம் பெற்றவன் சந்ததியே கறுப்பு மக்கள் என்று தெற்கத்திப் பாதிரிமார்கள் பிரசங்கித்தார்கள். அடிமை வைத்திருப்பவன் மிஷனரியாகலாமா என்கின்ற சச்சரவில் 1845-இல் தெற்கத்தி பாப்டிஸ்டுகள் தனிச் சபையே கண்டார்கள். அச்சபையார் அது தப்பு என்று மன்னிப்புக் கேட்டது 1995-இல். அடிமைத்தனத்திற்கு ஆதாரம் கண்டுபிடிக்க ஒருநாள் போதும்; அது தப்பு என்று ஒப்புக்கொள்ள 150 வருஷம் வேண்டியிருந்தது!

நிற்க, 1860-இல் லிங்கன் பிரசிடெண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தெற்கு மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1861 ஏப்ரலில் யுத்தம் மூண்டது. 1863 ஜனவரி 1-ந் தேதி, எதிரிகள் வசமுள்ள பிரதேசத்து அடிமைகள் எல்லோரும் விடுதலையானவர்கள் என்று லிங்கன் பிரகடனம் செய்தார். ஆனால் பட்டாளம் போன இடத்திற்குத்தான் அந்தக் காகிதமும் போயிற்று. போகாத இடத்தில் சாட்டைதான் சட்டம்.

1864 செப்டம்பரில் ஜெனரல் ஷெர்மன் அட்லாண்டா நகரைப் பிடித்தார். நவம்பர் 15-ந் தேதி சுமார் 60,000 சிப்பாய்களோடு அங்கிருந்து கடற்கரைக்குப் புறப்பட்டார். பின்னாலிருந்து தானியம் வரும் ரயில் பாதையையும் தந்திக் கம்பியையும் தாமே அறுத்துவிட்டார். எந்தத் தாலூகாவில் எவ்வளவு தானியம், எவ்வளவு கால்நடை என்று 1860-ஆம் வருஷத்து ஜனக் கணக்கைப் பார்த்து வழி வகுத்துக்கொண்டார். 300 மைல் தூரம், 60 மைல் அகலம், வழியெல்லாம் பண்ணைகளில் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே பட்டாளம் போயிற்று. தண்டவாளங்களை நெருப்பில் காய்ச்சி மரத்தில் சுற்றி முறுக்கினார்கள். டிசம்பர் 21-ந் தேதி சவான்னா விழுந்தது. அந்நகரைக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவதாக ஷெர்மன் லிங்கனுக்குத் தந்தி கொடுத்தார். இதற்குப் பின் தெற்கத்தியாருக்கு எழுந்து நிற்கச் சக்தியில்லை. 1865 ஏப்ரல் 9-ந் தேதி அவர்களுடைய பெரிய தளபதி லீ சரணடைந்தார்.

சரித்திரப் புத்தகங்கள் இதைச் சொல்லி ஷெர்மனைப் புகழும், அல்லது வையும். நாம் கேட்பது வேறு. அந்தப் பட்டாளத்தின் பின்னால் நடந்து வந்தவர்கள் யார்? ஆயிரக்கணக்கான அடிமைகள், கைக்குழந்தைகளோடும் கிழவர்களோடும், யாரும் வா என்று அழைக்காமலே பண்ணைகளை விட்டு வெளிக்கிளம்பினார்கள். ஷெர்மனுக்கு அவர்கள் மேல் பிரியமில்லை. கறுப்புச் சிப்பாய்களையும் அவர் தம் சேனையில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

டிசம்பர் 9-ந் தேதி எபனேசர் ஓடை என்கின்ற இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஜெபர்சன் சி. டேவிஸ் என்ற வடக்கத்தி ஜெனரல் (எதிரிகளின் பிரசிடெண்டுக்கும் ஏறக்குறைய இதே பெயர், ஆள் வேறு) மிதவைப் பாலம் போட்டுத் தம் சிப்பாய்களைக் கடத்தினார். கடைசிச் சிப்பாய் கடந்ததும் பாலத்தை எடுத்துவிட்டார். அடிமைகள் இக்கரையில் நின்றார்கள். பின்னால் எதிரியின் குதிரைப்படை. முன்னால் குளிர்ந்த தண்ணீர். குதித்தவர்களில் பலர் மூழ்கி மாண்டார்கள். அகப்பட்டவர்கள் மறுபடியும் அடிமைகளானார்கள். விடுவிக்க வந்த பட்டாளமே பாலத்தை எடுத்தது என்பதை மறந்துவிடாதீர்கள்!

இந்தச் செய்தி தலைநகருக்கு எட்டிப் பெரிய கண்டனம் எழுந்தது. யுத்த மந்திரி ஸ்டாண்டன் சவான்னாவுக்கே வந்தார். 1865 ஜனவரி 12-ந் தேதி இரவு அவரும் ஷெர்மனும் 20 கறுப்புச் சபைத் தலைவர்களை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோருக்காகவும் பேசியவர் காரிசன் பிரேசியர், 67 வயதுக் கிழவர். எட்டு வருஷத்திற்கு முன்தான் 1,000 டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுதலையானவர். அடிமைத்தனம் என்றால் ஒருவன் சம்மதமில்லாமல் அவன் உழைப்பைப் பலாத்காரமாய்ப் பறிப்பது என்றார் அவர். எங்களுக்கு நிலம் வேண்டும், அதை எங்கள் கையால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார்.

தோழர்களே! அவர் பாதிரிதான். ஆனால் மோட்சம் வேண்டும் என்று கேட்கவில்லை, நிலம் வேண்டும் என்று கேட்டார். பாதிரி என்பதற்காக அவருடைய புத்தியை நாம் குறைத்துப் பேசினால் அது பகுத்தறிவாகாது.

நாலு நாளில் உத்தரவு பிறந்தது. கடலோரத் தீவுகளும், கடலிலிருந்து 30 மைல் வரையுள்ள நெல் வயல்களும் விடுதலையானவர்களுக்கு என்றும், குடும்பத்திற்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் கொடுப்பது என்றும் ஷெர்மனே கையெழுத்திட்டார். சில மாதத்திற்குள் சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன், கலகம் செய்த பண்ணைக்காரர்களுக்கு மன்னிப்பும் கொடுத்து, நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அக்டோபரில் ஜெனரல் ஹோவர்டு எடிஸ்டோ தீவுக்குப் போய், பழைய எஜமானர்களை மன்னித்துவிட்டு அவர்களோடு சமாதானமாகப் போகும்படி அம்மக்களிடம் சொன்னார். என்னை மரத்தில் கட்டி 39 அடி அடித்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன் என்கின்ற கருத்தில் அவர்கள் பதில் எழுதினார்கள். துரோகம் செய்தவனுக்கு நிலம், விசுவாசமாயிருந்தவனுக்கு உபதேசம்! இதற்குப் பெயர் சமாதானமாம்!

1865 டிசம்பரில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. அதே பருத்திக் காட்டில், அதே எஜமானனிடத்தில், அதே மனிதன் வாரத்திற்கு உழுதான். அடிமை என்ற பெயர் போய்க் கடன்காரன் என்ற பெயர் வந்தது. 1870-இல் அவனுக்குக் கிடைத்த ஓட்டும் பிறகு தந்திரமாய்ப் பறிக்கப்பட்டது. அது காரியத்தில் திரும்பிவர 1965-ஆம் வருஷத்துச் சட்டம் வேண்டியிருந்தது.

நம் நாட்டில் ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் புத்தகத்தை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். அந்த வெற்றியை அவர் மதித்தது சரியே. நாமும் மதிக்கிறோம். யுத்தம் இல்லாமல் அந்தச் சங்கிலி அறுந்திருக்காது. ஆனால் 300 மைல் நடந்து 60,000 பேர் ஜெயித்ததை ஒருவன் ஒரு பேனாவினால் பாதி அழித்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே! எவனாவது உங்களுக்கு விடுதலை வந்துவிட்டது என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள்: நிலம் யார் பேரில் இருக்கிறது? பாலம் யார் கையில் இருக்கிறது? இதற்குப் பதில் தெரிகிறவரையில் யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.