கார்புரேட்டர் மாற்றியபின் காற்று வழியைக் கவனியுங்கள்

(திருத்தங்கல் விவசாயிகள் பயிற்சியில் ஆற்றிய உரை)



கரிசல் மானாவாரியாயினும், ஆனைக்குட்டம் அணையை ஒட்டிய தோட்டமாயினும், வரப்பு வெட்ட ஆள் கிடைப்பது நம் பகுதியில் அரிது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று வேலை வேறெங்கோ இழுத்துக்கொள்கிறது. ஆகவே தோளில் மாட்டும் புல் வெட்டும் இயந்திரம் பலரிடம் வந்துவிட்டது. அதில் அடிக்கடி தொல்லை தருவது கார்புரேட்டர். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அதை டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் உள்ளேயுள்ள மெல்லிய ரப்பர்ச் சவ்வு விறைத்துப் போகும். பிறகு புது கார்புரேட்டர் வாங்கி நாமே மாட்டுகிறோம். மாட்டுவது எளிது, இரண்டு திருகுதான். ஆனால் மாட்டியபின் இயந்திரம் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, அல்லது அலறுகிறது. ஏன்?

பழைய கார், ஜீப் எஞ்சின்களில் கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் சிறு உறிஞ்சு குழாய் வெளியே தெரியும். கழன்றால் கண்டுபிடித்து விடலாம். நம் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் பலவற்றில் அத்தகைய வழி, குழாயாக இல்லாமல் ஊசித் துளையாக உள்ளே மறைந்திருக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் உறிஞ்சு விசையும், கீழே வரும்போது அழுத்தமும் உண்டாகும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் இது வினாடிக்கு 100 முறை நிகழும். இந்தத் துடிப்புதான் கார்புரேட்டரின் சவ்வை அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. இயந்திரத்தை எப்படிச் சாய்த்தாலும் ஓடுவதன் காரணம் இதுவே.

துடிப்பு கார்புரேட்டரை அடைய, எஞ்சின் முகத்திலும், நடுவிலுள்ள கருப்பு இடைக்கட்டையிலும், இருபுறப் பேக்கிங்கிலும், கார்புரேட்டர் முகத்திலும் அச்சிறு துளை ஒரே நேராக அமைய வேண்டும். பேக்கிங்கைத் திருப்பிப் போட்டால் துளை அடைபடும். அப்போது சோக் போட்டு இழுத்தால் எஞ்சின் கிளம்பும். சிறிது ஓடிச் சாகும். பிளக்கை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கடைக்குப் போகும்போது பழைய கார்புரேட்டரையே கையில் கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து, இந்தத் துளை மட்டும் இல்லாதவையும் விற்கின்றன. மிதவை வைத்த கார்புரேட்டருக்கு இத்துளை தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்க.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பதால் காலண்டர் அட்டைக்குக் குறைவில்லை. அதில் பேக்கிங் வெட்டிக் கொள்ளாதீர்கள். பெட்ரோலில் ஊறி, இறுக்கத்தில் நசுங்கி இடைவெளி விடும். பசையைத் தாராளமாகப் பூசினால் அது பிதுங்கித் துளையை அடைக்கும். புதுப் பேக்கிங், சுத்தமான முகம், இரு திருகையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குதல், இவ்வளவே போதும்.

இடைவெளி வழியே காற்று புகுந்தால் என்ன நேரும்? கலவையில் பெட்ரோல் குறையும். இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதானே வருகிறது! சூடு கூடும் நேரத்தில் வழவழப்பும் குறைந்து பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பேக்கிங்கின் விலைக்காக சிலிண்டர் செட்டே போய்விடும். விசையை விட்டபிறகும் வேகம் இறங்காவிட்டால், பிளக் முனை வெளுத்திருந்தால், காற்று புகுகிறது என்று கொள்க. அந்நிலையில் கிளட்ச் பிடித்துக் கத்தி தானே சுழலும், காலுக்கு ஆபத்து. எனவே சோதிக்குமுன் கத்தியைக் கழற்றிவிட வேண்டும். மெதுவாக ஓடவிட்டு, இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓட்டம் மாறினால் அங்கேதான் கசிவு. பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் அறவே கூடாது.

பெட்ரோல் குழாய்கள் இரண்டு. டேங்கினுள் பில்டர் தொங்குவது கார்புரேட்டரின் உறிஞ்சு முனைக்கும், மற்றது பம்ப் பல்பிலிருந்து டேங்குக்குத் திரும்பவும் இணைக்க வேண்டும். பல்பை அமுக்கும்போது பில்டர் பக்கம் குமிழி வந்தால் மாறியிருக்கிறது. கழற்றுமுன் ஒன்றில் நூல் கட்டிவைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

பட்டாசு ஆலை வேலியை ஒட்டி நிலம் வைத்திருப்போருக்கு ஒரு சொல். கத்தி கல்லில் பட்டால் பொறி பறக்கும். புகைக்குழாயும் காய்ந்த புல்லைப் பற்றவைக்கக் கூடியது. பழுது பார்ப்பதையும் பெட்ரோல் ஊற்றுவதையும் வீட்டுக் களத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வேலியோரப் புல்லை அரிவாளால் அறுங்கள்.