கருமணல் கரைச்சாலை

கன்னியாகுமரியிலிருந்து மணக்குடி, இராஜாக்கமங்கலம், முட்டம், மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சலை அடையும் கரைச்சாலையைப் பற்றிப் பேசும்போது, தென்னையும் அலையும் பாறையும் கூடிய அழகை மட்டும் போற்றி அமைவது அச்சாலைக்குச் செய்யும் குறையாகும். நிலவியலும் சுரங்கத்தொழிலும் ஒன்றையொன்று விளக்கும் மரபுவழியாக அது அறியப்பட வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இக்கரையின் கதை மலையில் தொடங்குகிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவான காலத்தில், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சார்னோக்கைட், கோண்டலைட் ஆகிய பாறைகளே குமரி மலைகளின் உடல். அவற்றுள் சிறு மணிகளாகச் சிதறியிருந்த இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள், பாறை மழையில் சிதைந்தபோது விடுபட்டு, வள்ளியாறு போன்ற ஆறுகளால் கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வெண்மணலான குவார்ட்சைவிட இவை அதிக அடர்த்தி கொண்டவையாதலால், தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் இலேசான மணலை அரித்துச் செல்ல, கனமானவை கரையிலேயே தங்கிவிடுகின்றன. தாய்மார் முறத்தில் அரிசி புடைப்பதைப் போலக் கடலே மணலைப் புடைத்துப் பிரிக்கிறது. அவ்வாறு எஞ்சும் கரிய படிவையே ஊரார் கருமணல் என்கின்றனர்.

இம்மணலின் மதிப்பை உலகம் அறிந்த விதம் வியப்புக்குரியது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கலந்திருப்பதை 1909-இல் சி. டபிள்யூ. ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். மின்விளக்கு பரவாத அந்நாளில் நகரங்களை ஒளிரச் செய்த வாயுவிளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் என்னும் தனிமம் இன்றியமையாததாக இருந்தது. மோனசைட்டே அதற்கு மூலம். ஆகவே மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பெர்க் கைது செய்யப்பட, தொழில் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. விடுதலைக்குப் பின், 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் 1960-களில் இவ்வாலையை ஏற்றது. தோரியமும், அணு ஆற்றலுக்கான மூலப்பொருளாகப் புதிய பொருள் பெற்றது. மீனவர் ஊர் ஒன்றின் மணல் ஐரோப்பியத் தெருக்களின் விளக்கோடும் பின்னர் ஒரு நாட்டின் அணுக்கொள்கையோடும் பிணைந்த வரலாற்றைச் சொல்லாமல் அச்சாலையைச் சுற்றுலாப் பாதை என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆலையில் நிகழ்வதும் கடல் செய்யும் வேலையின் தொடர்ச்சியே. காந்தத்தால் ஈர்க்கப்படும் இல்மனைட் பிரிய, மின்னைக் கடத்தும் ரூட்டைலும் கடத்தாத சிர்க்கானும் உயர்மின்னழுத்தத்தில் வேறாகின்றன.

ஆயினும் இம்மரபின் உரிமையாளர் கரையில் வாழும் மக்களே என்பதை மறத்தல் கூடாது. தோரியம் செறிந்த மணலால் இங்கு இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களினும் மிகுதி. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதேபோன்ற மணற்கரையில் மேற்கொள்ளப்பட்டு 2009-இல் வெளியான பெரிய ஆய்வு, அக்கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. என்றாலும் கரையரிப்பும் வாழ்விடம் பற்றிய அச்சமும் மக்களுக்கு உண்மையானவை. அருகிலுள்ள கிள்ளியூர் வட்டத்தில் கருமணல் சுரங்கப் பரப்பை விரிக்கும் முயற்சிக்கு எழுந்த எதிர்ப்பு அவ்வச்சத்தின் குரலேயாகும். அக்குரலைப் புறக்கணித்து மரபைப் போற்றுவது பொய்யாகவே முடியும்.

எனவே முட்டத்தின் கலங்கரை விளக்கத்தடியில் நிற்கும் பாறைகளின் வயதையும் தோற்றத்தையும் தமிழில் எழுதிய பலகைகளும், மணவாளக்குறிச்சியில் பழைய ஆலைக்கருவிகளைக் காக்கும் ஒரு காட்சியகமும், கருமணலை வாரிய தொழிலாளரின் நினைவுகளையும் சுரங்கத்தை எதிர்த்தவரின் நினைவுகளையும் ஒருங்கே பதிவுசெய்யும் ஆவணமும் உருவாக வேண்டும். அவற்றுள் ஆவணமே முதலில் எழ வேண்டும், ஏனெனில் பாறைகள் காத்திருக்கும், முதியோர் காத்திருக்க இயலாது.