காது கேட்காமல் போனால் மாத்திரை உண்டா?

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். பெக்டரியில் ரோலர் பக்கம் 22 வருஷம் வேலை செய்தவர். "சேர், வீட்டுல கூப்பிட்டா வெளங்க மாட்டேங்குது. ராவெல்லாம் காதுல கீங்னு ஒரே சத்தம். டவுன்ல ஊசி போட்டா சரியாயிருமாமே?" என்று கேட்டார். அதற்குள் எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் நிறையக் காசு போய்விட்டது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நமது காதுக்குள்ளே நத்தை ஓடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 15,000 மயிர்க் கலங்கள். சத்தத்தை மூளைக்கு அனுப்புவது இவைதான். நாள் தவறாமல் பெரிய இரைச்சல் பட்டால் இவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகும். கோழிக்குத் திரும்ப முளைக்கும், மனுஷருக்கு முளைக்காது. முளைக்க வைக்க மருந்து தேடுகிறார்கள். அமெரிக்காவில் காதுக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்த ஒரு மருந்து 2023இல் சோதனையில் தோற்றுப் போனது. ஆகவே, வருஷக்கணக்கான இரைச்சலால் போன காதைத் திருப்பித் தரும் மாத்திரையோ ஹோர்மோனோ இன்றைக்கு இல்லை. இருக்கு என்று யாரும் விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

ஒன்று மட்டும் வேறு. நேற்று நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென்று கேட்காமல் போனால், அல்லது பக்கத்தில் வெடி வெடித்துக் காது அடைத்துப் போனால், அது அவசரம். அப்போது டொக்டர்மார் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பதுண்டு. நம் உடம்பிலேயே சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் ஊறும் ஹோர்மோனைப் போன்றது அது. எல்லோருக்கும் பலிக்கும் என்றில்லை. ஆனால் சில நாட்களுக்குள், பிந்தினாலும் இரண்டு கிழமைக்குள், தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டாம். கடையில் வாங்கியும் விழுங்க வேண்டாம். உடனே பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். சீனி வருத்தம், பிரஷர் இருந்தால் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மற்றபடி காப்பதுதான் மருந்து. 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. 88 என்றால் 4 மணித்தியாலம்தான். அளக்கும் கருவி நம்மிடம் இல்லையே என்பீர்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. பஞ்சு வைத்தால் போதாது. இயர் பிளக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அந்த அண்ணனுக்குக் கிளினிக்கில் காது சோதித்தார்கள். மாத்திரை எழுதவில்லை, காதுக் கருவிக்குத்தான் எழுதினார்கள். இப்போது அவருடைய மகனும் ரோலரில்தான் வேலை. மகன் காலையில் புறப்படும்போது, "பிளக் எடுத்தியாடா?" என்று அவரே கேட்டு அனுப்புகிறார்.

நீங்களும் அப்படிக் கேட்டு அனுப்புங்கள்.