நிலமும் பொழுதும்: புதிய குடியிருப்புப் பேட்டைகளில் களப்பயணம்



புவியியல் மாணவர்கள் புதிய குடியிருப்புப் பேட்டைகளுக்குக் களப்பயணம் செல்கின்றனர். வார நாளில் முற்பகல் 10 மணிக்குச் சென்று, இரண்டு மணி நேரம் எண்ணியும் அளந்தும் திரும்புவர். புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஆளில்லை. விளையாட்டுத் திடலும் வெறிச்சோடியிருக்கிறது. ஆகவே, 'இங்கு அண்டை வீட்டார் உறவு குறைவு' என்று முடிவெழுதுவோரும் உண்டு. அந்த நேரத்தில் பெற்றோர் பணியிடத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருப்பர் என்பதை அம்முடிவு எண்ணிப் பார்ப்பதில்லை. பார்த்தது இரண்டு மணி நேரம். தீர்ப்போ ஓர் ஊரின்மீது!

தொல்காப்பியம் நிலத்தை மட்டும் முதற்பொருள் எனக் கூறவில்லை; நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்கிறது. செய்யுளுக்கு வகுத்த அந்நெறி களஆய்வுக்கும் பொருந்தும்.

முதலில், நாளின் பொழுது. அதே கீழ்த்தளத்தைக் காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் சனிக்கிழமையிலும் பாருங்கள். ஒரே இடத்தில் மூன்று வேறு எண்கள் கிடைக்கும். அவற்றின் வேறுபாட்டை விளக்குவதே புவியியல்.

அடுத்து, ஆண்டுகளின் பொழுது. பொங்கோலை எடுத்துக்கொள்வோம். பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் நிறைந்திருந்த நிலம் அது. பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தும் முடிவு 1984இல் அறிவிக்கப்பட்டது. 1996இல் 'பொங்கோல் 21' திட்டம் வந்தது. மறு ஆண்டு தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடி அதன் வேகத்தைக் குறைத்தது. 2003இல் வடகிழக்கு ரயில் பாதையும், 2011இல் 4.2 கிலோமீட்டர் நீள நீர்வழியும் திறக்கப்பட்டன. இன்று நாம் 'புதியது' என்றழைக்கும் ஊருக்குள் இத்தனை அடுக்குகள் உள்ளன.

பொங்கோலில் கணக்கெடுத்த மாணவர்கள், 1960களில் உருவான தோ பாயோவிலும் அதே கணக்கை எடுக்கட்டும். இரண்டையும் திட்டமிட்டது வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே. ஆயினும், இளங்குடும்பங்கள் ஒருசேரக் குடியேறும் ஊருக்கு வேண்டியது பாலர் பள்ளி; அவர்கள் அங்கேயே மூப்படையும்போது வேண்டியது மின்தூக்கியும் சரிவுப்பாதையும் மருந்தகமும். ஊருக்கும் வயதுண்டு.

இங்கேதான் தமிழுக்கு வேலை இருக்கிறது. வரைபடத்தில் இல்லாத பழைய ஊர், நம் வீட்டு முதியவர்களின் நினைவில் இருக்கிறது. கம்பத்தில் கிணறு எங்கிருந்தது, மழை பெய்தால் வெள்ளம் எதுவரை ஏறியது, அடுக்குமாடிக்கு வந்தபின் எவரோடு பேச்சு நின்றது என்று தாத்தா பாட்டியிடம் தமிழிலேயே கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்தால் தகவல் வரும், குரல் வராது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. களப்பயணத் தாளில் 'எங்கே' என்னும் கட்டத்தின் அருகில் 'எப்போது' என்னும் கட்டத்தையும் வரையுங்கள். அவ்விரண்டும் நிரம்பிய பின்னரே மாணவர் முடிவெழுதட்டும்.