பேண்ட் குறைந்தால் சட்டப் படிப்பை மூட்டை கட்டாதீர்கள்



பொதுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க எஸ்.டி.பி.எம். மட்டும் போதாது. மூவெட் எனும் ஆங்கிலத் தேர்விலும் அவர்கள் கேட்கும் பேண்ட் வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான். வீட்டில் தமிழ், வெளியில் மலாய். ஆங்கிலம் பேச ஆள் ஏது?

பேண்ட் குறைந்ததும் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. நாமும் "போதும், பேக்டரிக்குப் போ" என்கிறோம். அந்த வார்த்தையை ஒரு வாரம் அடக்கி வையுங்கள். அழட்டும், தூங்கட்டும். பிறகு முடிவுத் தாளுடன் சேர்ந்து உட்காருங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தலா 90 புள்ளி, மொத்தம் 360. எதில் விழுந்தது என்று தாளே காட்டும். முன்பு மொத்தம் 300இல் வாசிப்புக்கே 120 புள்ளி. 2021இல் அது மாறிவிட்டது. "வாசிப்பைப் பிடித்தால் போதும்" என்ற அண்ணன், அக்கா யோசனை இன்று செல்லாது.

பேசும் தேர்வுதான் பெரிய பயம். குழுவாக விவாதிக்கச் சொல்வார்கள். அதற்கு டியூஷன் காசு வேண்டாம். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் நான்கு பிள்ளைகளை உட்கார வையுங்கள். பத்திரிகைச் செய்தி ஒன்றை வைத்து அரை மணி நேரம் ஆங்கிலத்தில் வாதாடட்டும். தப்பாகவே பேசட்டும். சிரிக்கிறவனை வெளியே அனுப்புங்கள். (வக்கீலாகப் போகிறவர் நாலு பேர் முன் வாய் திறக்கப் பழகத்தானே வேண்டும்!)

இந்தத் தேர்வை மறுபடியும் எழுதலாம். அடுத்த பதிவு எப்போது என்று இன்றே பாருங்கள். கட்டணத்துக்குப் பணம் இடித்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.