ஜான் ஜே உடன்படிக்கையும் மறக்கப்பட்ட 13ஆவது ஷரத்தும்



ஜான் ஜேயைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க என்னை அழைத்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். இந்த அவையில் இருக்கும் பலருடைய நூல்களைப் படித்தே நான் இத்துறைக்குள் வந்தேன். அவர்கள் முன்னிலையில் பேசுவதற்குச் சற்று அச்சமாகவும் இருக்கிறது.

‘வழக்கறிஞர், சட்டம் வகுத்தவர், தூதர்’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1768இல் வழக்கறிஞரானது, 1777இல் நியூயார்க்கின் முதல் அரசியல் சட்டத்தை வரைந்தது, கான்டினென்டல் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியானது எல்லாம் நீங்கள் அறிந்தவை. 1782இல் பாரிசில் காங்கிரஸின் கட்டளையை மீறி, பிரான்சுக்குத் தெரிவிக்காமல் பிரிட்டனோடு அவர் பேசியது முறையா என்பதற்குத் தனி அமர்வு இருக்கிறது. அடிமைகளை வைத்திருந்த ஒருவர் நியூயார்க் அடிமை விடுதலைச் சங்கத்தின் முதல் தலைவரானதையும், ஆளுநராக 1799ஆம் ஆண்டின் படிப்படியான விடுதலைச் சட்டத்தில் கையெழுத்திட்டதையும் ஆராய இன்னோர் அமர்வு இருக்கிறது. அவற்றை அங்கே விட்டுவிடுகிறேன்.

எனக்குரிய நேரத்தை ஒரே ஒரு ஷரத்துக்குத் தர விரும்புகிறேன். 1794 நவம்பர் 19 அன்று லண்டனில் ஜேயும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரென்வில் பிரபுவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் 13ஆவது ஷரத்து அது. கிழக்கிந்தியாவில் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யலாம் என்று அது சொல்கிறது. சென்னைத் துறைமுகமும் அதில் அடங்கும்.

இந்த உடன்படிக்கை தோல்வி என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டது. ஜேயின் உருவப் பொம்மைகள் ஊர் ஊராக எரிக்கப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகளுக்கு 70 டன்னுக்கு மேற்படாத கப்பல்களை மட்டும் அனுமதித்த 12ஆவது ஷரத்தை ஒதுக்கிவைத்த பிறகே, 1795 ஜூனில் செனட் 20க்கு 10 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. வட ஐரோப்பிய நாடுகளின் நடுநிலைக் கூட்டணியில் அமெரிக்கா சேராது என்று அமெரிக்க நிதியமைச்சர் ஹாமில்டன் பிரிட்டிஷ் தூதரிடம் சொல்லிவிட்டதால் ஜேயின் கை தளர்ந்தது என்று வரலாற்றாசிரியர் சாமுவேல் ஃபிளாக் பெமிஸ் 1923இல் எழுதினார். பெமிஸின் ஆவண உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் ஜே எதையெல்லாம் பெறாமல் விட்டார் என்ற கணக்கையே நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பெற்றதை எடைபோட மறந்துவிட்டோம்.

13ஆவது ஷரத்தைப் பொருட்படுத்தாதவர்களுக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அமெரிக்கர்கள் ஏற்கெனவே இங்கே வந்துகொண்டிருந்தார்கள். ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற கப்பல் 1784 டிசம்பரிலேயே புதுச்சேரியில் நங்கூரமிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகங்களில் அவர்களுக்குச் சலுகை காட்டும்படி 1788இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஆணையிட்டார். ஜேயின் ஷரத்தோ, இங்கே ஏற்றிய சரக்கை அமெரிக்காவில்தான் இறக்க வேண்டும் என்றது. கரையோர வணிகத்தையும் தடுத்தது. ஆகவே ஜே புதிதாக எதையும் தரவில்லை, இருந்ததையும் குறுக்கினார் என்பது வாதம். இதை எழுதியவர்களில் எனக்கு மூத்தவர்களும் உண்டு. அவர்களிடம் கற்றவன் என்ற உரிமையோடு மறுக்கிறேன்.

காரன்வாலிஸின் ஆணை ஓர் ஆட்சியாளரின் தயவு. அடுத்து வருபவர் ஒரு கையெழுத்தில் அதை நீக்கலாம். நீக்கினால் கப்பல் உரிமையாளர் முறையிட இடமில்லை. ஜே அந்தத் தயவை இரு நாடுகளுக்கு இடையிலான கடப்பாடாக மாற்றினார். அதே சரக்குக்குப் பிரிட்டிஷ் கப்பல் செலுத்துவதைவிடக் கூடுதலான வரியை அமெரிக்கக் கப்பலிடம் வாங்கக் கூடாது என்று எழுத்தில் பெற்றார். வழக்காடிப் பழகிய ஒருவருக்கே அந்த மாற்றத்தின் மதிப்புத் தெரிந்திருக்கும்.

அதற்குச் சான்று லண்டன் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 1798இல் வில்சன் எதிர் மேரியட் என்ற கப்பல் காப்பீட்டு வழக்கில், அமெரிக்கக் கப்பல் நேராகத் தன் நாட்டிலிருந்துதான் இந்தியாவுக்கு வரவேண்டுமா, ஐரோப்பா வழியாகவும் வரலாமா என்ற கேள்வி எழுந்தது. வரலாம் என்றது நீதிமன்றம். பிரிட்டனில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவரும் இந்த ஷரத்தின் பயனைப் பெறலாம் என்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. தயவை வைத்துக்கொண்டு எவரும் இப்படி வழக்காடியிருக்க முடியாது.

பன்னிரண்டே ஆண்டுகளில் ஷரத்து காலாவதியாயிற்றே என்பார்கள். ஆம், 1807இல் முடிந்தது. பின்னர் இரு நாடுகளுக்கும் இடையில் ஒரு போரும் நடந்தது. அதன் பிறகு 1815 ஜூலையில் அமெரிக்கத் தூதர்களான ஆடம்ஸும் கிளேயும் கேலட்டினும் லண்டனில் செய்த வணிக ஒப்பந்தத்தைப் பாருங்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய், பினாங்குத் தீவு ஆகிய நான்கும் அதில் பெயர் சொல்லித் திறக்கப்பட்டன. ஜே வகுத்த அடித்தளத்தின் மீதே அவர்கள் பேசினார்கள்.

இளைய ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். செனட் விவாதங்களோடு நிற்காதீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டை ஆட்சியின் பதிவுகள் இருக்கின்றன. 1795 முதல் 1807 வரையான தொகுதிகளை இந்தக் கேள்வியோடு படியுங்கள். அமெரிக்கக் கப்பல் தலைவர்கள் அதிகாரிகளிடம் இறைஞ்சினார்களா, ஷரத்தை எடுத்துக்காட்டி வாதிட்டார்களா என்று தேடுங்கள்.

தூதராக ஜே தோற்றார் என்று இந்த மேடையில் வாதிட எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அவர்கள் 1798ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கும் முதலில் விடை சொல்ல வேண்டும். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.