மனு வேறு, வேலைக் கடிதம் வேறு

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கணும், விறகு எடுக்கணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கடிதத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சம்பளம் பேசுகிற சங்கம் கடிதம் எழுதவும் படிப்பிக்க வேண்டுமா என்று எங்கள் கமிட்டியிலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு விசயத்துக்கு வருகிறோம்.

நம் பிள்ளைகள் சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு எப்படி வேலைக்குப் போகிறார்கள்? தெரிந்த ஆள் ஒருவர் வந்து, கொழும்பில் ஒரு கடைக்கு ஆள் கேட்கிறார்கள் என்பார். மறுநாள் விடிய பஸ். எழுதிக் கொடுத்ததும் இல்லை, எழுதி வாங்கியதும் இல்லை. மூன்று மாதம் கழித்து சம்பளத்தில் கை வைத்துவிட்டார்கள் என்று சங்கத்துக்கு வருவார்கள். என்ன வேலைக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு சம்பளத்துக்குச் சேர்ந்தாய் தம்பி என்று கேட்டால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டுச் சட்டம். வேலைக்குச் சேரும்போதே வேலை விபரமும் சம்பளமும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு அவர் கையிலிருந்து இன்னும் 3 வீதம். இதெல்லாம் செக்ரோலில் பேர் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். எழுதிக் கேட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்குத்தான், எனக்கும் எழுதித் தாருங்கள் என்று கேட்க வாய் வரும். அதனால்தான் சங்கம் இதில் தலையிடுகிறது.

சரி, கடிதம். விண்ணப்பத்தோடு, சுயவிபரக்கோவைக்கு மேலே வைத்து அனுப்புகிற ஒரு பக்கக் கடிதம். டவுனில் கவரிங் லெட்டர் என்பார்கள். வர்த்தமானியில் வருகிற அரசாங்க வேலைகளுக்குப் பெரும்பாலும் மாதிரிப் படிவம் இருக்கும். அதை அப்படியே நிரப்பி, கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னால் எழுதி, பதிவுத் தபாலில் போட்டால் சரி. நாங்கள் இன்று பேசுவது கம்பனி, கடை, ஹோட்டல், வங்கி, தனியார் முன்பள்ளி போன்ற இடங்களுக்கு எழுதுகிற கடிதம்.

நம் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டுகிற கடிதம் எப்படி இருக்கும்? பத்தில் எட்டு இப்படித்தான் தொடங்கும்: “மதிப்பிற்குரிய ஐயா, நான் மிகவும் வறிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவள். என் தந்தை நோயாளி. எனக்குக் கீழே மூன்று சகோதரர்கள் உள்ளனர். தயவுகூர்ந்து இவ்வேலையை எனக்குத் தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இது பொய் இல்லை. ஆனால் இது மனு. கூரைத் தகரம் பறந்தால் துரைக்கு எழுதுவோம். தண்ணீர் வராவிட்டால் பிரதேச சபைக்கு எழுதுவோம். நம் பாட்டன் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த கடிதம் அது ஒன்றுதான். கஷ்டத்தைச் சொன்னால் மனம் இரங்குவார்கள் என்று பழகிவிட்டோம். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் இரக்கப்பட மேசையில் உட்காரவில்லை. அவருக்கு ஒரு வேலை முடியாமல் கிடக்கிறது, அதைச் செய்ய ஆள் வேண்டும். நமது கடிதத்தில் அவர் தேடுவது அந்த ஆளைத்தான். அப்பாவின் நோயைப் படித்துவிட்டு, இந்தப் பிள்ளை அடிக்கடி லீவு கேட்குமோ என்றுகூட யோசிக்கலாம்.

இதில் எங்கள் பிழையும் உண்டு, ஒளிக்கவில்லை. சில வருடத்துக்கு முன் ஒரே காரியாலயத்துக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் விண்ணப்பித்தார்கள். ஐந்து பேருக்கும் நாங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில். அங்கே வேலை செய்த நமது பழைய மாணவி ஒருத்தி போன் எடுத்தாள். “சேர், அஞ்சு கடிதமும் ஒரே கையெழுத்து. அஞ்சு பேரோட அப்பாவுக்கும் சுகமில்லன்னு எழுதியிருக்கு சேர்” என்றாள். ஐந்து பேரில் ஒருவரையும் கூப்பிடவில்லை. அன்றோடு நாங்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்போம், எழுதுவது அவர்கள்தான்.

அப்படி ஒரு தங்கையோடு உட்கார்ந்த கதையைச் சொல்கிறோம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவள். கணக்கு உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

“அனுபவம்னு என்னா போடுறது சேர்? எனக்கு ஒன்னுமே இல்லயே.”

“ஒங்க பிரிவு மரண உதவிச் சங்கத்துக் கொப்பி யார் எழுதுறா?”

“அப்பாதான் சேர் பொருளாளர்.”

“எழுதுறது யாருன்னு கேட்டோம்.”

சிரித்துவிட்டாள். “நான்தான் சேர். அப்பாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது.”

64 குடும்பத்துச் சந்தா. மூன்று வருடமாகப் பதிந்து, பற்றுச்சீட்டு வெட்டி, மாத முடிவில் காசை எண்ணி கொப்பியோடு சரிபார்த்து, பொதுக்கூட்டத்தில் அப்பா வாசிக்க வேண்டிய கணக்கறிக்கையையும் அவளே எழுதியிருக்கிறாள். நம் ஆட்களிடம் சந்தாக் காசு வாங்கிக் கணக்குக் காட்டுவது லேசான காரியமா? இங்கே தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். இதை அனுபவம் இல்லை என்று அந்தப் பிள்ளை நினைத்தாள். சம்பளம் வாங்காத வேலை வேலையே இல்லை என்று நாம் வீட்டிலும் பேசிப் பேசி வைத்திருக்கிறோம்.

அவள் கடைசியில் எழுதியது இது:

“கடந்த ஞாயிறு பத்திரிகையில் தாங்கள் கேட்டிருந்த கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கற்று, கணக்கீட்டில் சித்தி பெற்றுள்ளேன். எங்கள் பிரிவின் மரண உதவிச் சங்கப் பொருளாளருக்கு உதவியாக மூன்று வருடமாகக் கணக்கு எழுதி வருகிறேன். 64 குடும்பங்களின் மாதச் சந்தாவைப் பதிந்து, பற்றுச்சீட்டு வழங்கி, மாத முடிவில் கையிருப்பைச் சரிபார்ப்பது எனது பொறுப்பு. சிங்களம் நன்றாகப் பேசுவேன். ஆங்கிலத்தில் பில்லும் கடிதமும் வாசித்து விளங்கிக்கொள்வேன், பேசப் பழகி வருகிறேன். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தால் கணக்குக் கொப்பியின் பிரதியையும் கொண்டுவர முடியும்.”

அவ்வளவுதான். எந்த வேலை, எங்கே பார்த்தேன், அந்த வேலைக்கு என்னிடம் என்ன இருக்கிறது, எப்போது வர முடியும். அப்பா நோயாளி என்று ஒரு சொல் இல்லை. “பொருளாளருக்கு உதவியாக” என்று எழுதியதையும் கவனியுங்கள். பொருளாளர் என்றே போடலாமே என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். போட்டால் மாட்டிக்கொள்வாள். போட வேண்டிய தேவையும் இல்லை.

நேர்முகப் பரீட்சையில் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, மாத முடிவில் காசு குறைந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான். ஒரு மாதம் 200 ரூபா குறைந்து, பற்றுச்சீட்டு அடிக்கட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடித்ததைச் சொன்னாள். கடிதத்தில் அவள் எழுதியதிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை, கணினியில் கணக்குச் செய்யத் தெரிந்த ஆளை எடுத்தார்கள். அதே கடிதத்தில் இரண்டு வரி மாற்றி வேறு இடத்துக்குப் போட்டாள். இப்போது டவுனில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் இருக்கிறாள். சேர்ந்த நாளே நியமனக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டாள், அதில் எங்களுக்கு இன்னும் சந்தோசம்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். இந்தக் கடிதத்தை யாரும் பார்த்து எழுத வேண்டாம். நாளைக்கு இந்த மலையிலிருந்து போகிற எல்லாக் கடிதத்திலும் 64 குடும்பம் இருந்தால் மறுபடியும் போன் வரும். உங்களிடம் வேறு இருக்கிறது. லயத்துத் தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? கோயில் திருவிழாவுக்கு வசூல் நோட்டு யார் கையில்? புள்ளக் காம்பராவில் ஆள் வராத நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தங்கை முன்பள்ளி வேலைக்கு எழுதும்போது அதை ஏன் விட வேண்டும்? தொழிற்பயிற்சி முடித்தவர்கள் தேசிய தொழிற் தகைமை எத்தனையாம் மட்டம் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

இனி பெயரும் முகவரியும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர் என்று நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அதைத் திருத்துகிற வேலையை வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

முகவரியில்தான் நமக்குப் பெரிய அடி. லயத்துக்குத் தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வர வேண்டும். ஒரு தம்பிக்கு 12ஆம் திகதி நேர்முகப் பரீட்சை. கடிதத்தில் இருந்த திகதி 3. அவன் கையில் கிடைத்தது 14ஆம் திகதி. எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்லவில்லை. அவன் அம்மா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரட்டுக்களத்தில் நின்றது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டும் என்று கேட்பதைச் சங்கம் விடப்போவதில்லை. அது வரும்வரை கடிதத்தில் இரண்டு முகவரி போடுங்கள். ஒன்று தோட்டம், மற்றது டவுனில் நம்பிக்கையான கடை அல்லது உறவினர் வீடு, அவர்களிடம் சொல்லிவிட்டு. தொலைபேசி இலக்கமும் போடுங்கள், ரீலோட் போடாமல் கட்டாகிப் போகாத இலக்கமாக. அண்ணனின் இலக்கம் என்றால் அண்ணனிடம் எந்தக் கம்பனிக்கு எழுதியிருக்கிறாய் என்று சொல்லி வையுங்கள். அழைப்பு வந்தபோது அவர் “ராங் நம்பர்” என்று வைத்த கதையும் நடந்திருக்கிறது.

தோட்டத்துப் பெயர் தெரியக்கூடாது என்று டவுன் முகவரியை மட்டும் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் ஏசமாட்டோம். தோட்டத்துப் பிள்ளை என்றதும் முகம் மாறுகிறவர்கள் உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கணக்குக் கொப்பியும் குழாய் வேலையும் இந்தத் தோட்டத்தில்தான் நடந்தது. அதை எழுதிவிட்டுத் தோட்டத்தை எப்படி மறைப்பது?

மொழி விசயம் லேசானது. விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியில் எழுதுங்கள். ஆங்கிலமென்றால் சின்னச் சின்ன வசனமாக, கேட்டால் வாயால் சொல்லக்கூடியதை மட்டும். கொமினிகேஷன் கடையில் கணினியில் வைத்திருக்கும் பெரிய ஆங்கிலக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அடித்துத் தருவார்கள். ஒரு பிள்ளையின் கடிதத்தில் முந்திய ஆள் விண்ணப்பித்த கம்பனியின் பெயரே இருந்தது. அடித்து வாங்கலாம், தப்பில்லை. காசு கொடுக்கும் முன் அங்கேயே நின்று மேலிருந்து கீழே வாசியுங்கள். அசல் சான்றிதழை எவருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள், போட்டோப் பிரதி போதும். வேலை தர முன்பணம் கேட்கிற இடத்துக்குக் கடிதமே வேண்டாம், எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

உறவினர் அல்லாத இருவரின் பெயரை நற்சாட்சிக்குக் கேட்பார்கள். அதிபர், மரண சங்கத் தலைவர், முன்பள்ளி டீச்சர் போன்றவர்கள் போதும். பெரிய அரசியல்வாதியின் பெயரைப் போட்டு, போன் பண்ணினால் அவருக்கு உங்களைத் தெரியாது என்றால் என்ன பிரயோசனம்?

தாய்மாருக்கு ஒன்று. பிள்ளை எழுதும்போது “நம்ம கடிதத்த யாரு பாப்பா” என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது கடிதத்துக்கும் பதில் வராதபோது அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். முத்திரைக்குக் காசு கேட்டால் கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு இதே மண்டபத்தில் உட்காருவோம். விளம்பரம் வந்த பத்திரிகைத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி, பேனை மூன்றையும் கொண்டுவாருங்கள். தாள் நாங்கள் தருகிறோம். மரண சங்கத்துக் கொப்பி, கோயில் வசூல் நோட்டு யார் வீட்டில் இருந்தாலும் அதையும் கையோடு எடுத்து வாருங்கள், பார்ப்போம்.